தமயந்தி பிச்சாண்டி

தமயந்தி, அவள் கணவன் கோகுல், மாமியார் வாசுகி, அன்று தபாலில் வந்த ஆதார் அட்டை: கூடத்தில் இருந்தது இவ்வளவு பேர்தான். அட்டையில் தமயந்தியின் முகம். பக்கத்தில் தமயந்தி கோகுல் என்று போட்டிருந்தது. அப்படி ஒருத்தியை அவளுக்குத் தெரியாது. இரண்டு வாரம் முன்பு அவள் குளித்துக்கொண்டிருந்தபோது கோகுல், "உன் போனுக்கு ஓடிபி வந்திருக்கு, எடுத்துக்கவா?" என்று கேட்டான். கேஸ் சிலிண்டர் பதிவு செய்கிறான் என்று நினைத்து, சரி என்றிருந்தாள்.

"என்னை ஏன் கேக்கல?"

"கேட்டா மாட்டேன்னு சொல்லுவே. பாஸ்போர்ட்டுல தமயந்தி பிச்சாண்டின்னு வந்தா ஏர்போர்ட்டுல சிரிப்பானுங்கடி."

"சிரிச்சிட்டுப் போகட்டும்."

"பெத்த பொண்ண விட்டுட்டு எவ பின்னாடியோ போன மனுசன்," என்றாள் வாசுகி. "அந்தாளு பேர வச்சிக்கிட்டு என்னடி பண்ணப்போற?"

அது உண்மைதான். பிச்சாண்டியோடு தமயந்திக்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அவர் செத்தால் போவாளா என்பதே சந்தேகம். ஆனால் பள்ளிக்கூடத்து வருகைப் பதிவேட்டிலும், நர்சிங் சான்றிதழிலும், ஐசியு டியூட்டி பட்டியலிலும் இருபது வருடமாக அந்தப் பெயரைச் சுமந்தது அவர் இல்லை.

"அது அந்தாளு பேரு இல்லத்தே. என் பேரு."

அட்டையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். இ-சேவை மையம் மூட இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது.

"பழையபடி மாத்திட்டு இந்த வாசல மிதிக்காத!" என்று வாசுகி கத்தினாள்.

அவள் செருப்பை மாட்டுவதற்குள் முதுகுக்குப் பின்னால் கதவு சாத்தப்பட்டது. மேல் தாழ்ப்பாள் விழுந்தது. அந்த உயரத்துக்கு வாசுகிக்குக் கை எட்டாது.