வேர்த்த குதிரை

மனைவி இறந்த பிறகு அவளுடைய குதிரை மெக்கானிக்கின் தலையில் விழுந்தது. பந்தயக் கார்களோடே காலம் தள்ளியவருக்குக் குதிரையைப் பற்றி ஒன்றும் தெரியாது. விற்றுவிட ஆளும் பார்த்திருந்தார். அதுவரை எதற்கெடுத்தாலும் கால்நடை மருத்துவருக்குப் போன் போடுவார். பேச வேறு ஆளும் இல்லை.

“டாக்டர், காலையில பாத்தா உடம்பெல்லாம் வேர்த்திருக்கு. மூச்சு வாங்குது.”

“யாரோ ஓட்டிட்டுப் போறாங்க சார். லாயத்தைப் பூட்டிப் பாருங்க.”

பூட்டினார். மறுநாள் பூட்டு போட்டபடியே இருந்தது. உள்ளே குதிரை நுரைதள்ளி நின்றது. சுவரில் தொங்கிய சேணத்தைத் தொட்டார். யாரோ அப்போதுதான் எழுந்துபோன நாற்காலி போல இளஞ்சூடாக இருந்தது. இரண்டு கைகளையும் அதன்மேல் வைத்து, சூடு ஆறும்வரை நின்றார்.

மருத்துவரே கூப்பிட்டார். “இப்ப எப்படி சார் இருக்கு?”

“சரியாப் போச்சு டாக்டர். விக்கப் போறதில்ல. தினமும் சவாரி போற குதிரைக்கு என்ன தீனி போடலாம்?”

“கொள்ளு கொஞ்சம் கூடவே வைங்க. வேர்வை ஆறினப்புறம் தண்ணி காட்டுங்க. யாரு சார் ஓட்டறது?”

“வீட்லதான்” என்றார்.

அன்று மாலை அவர் லாயத்தைப் பூட்டவில்லை. சேணத்தை உயரத்து ஆணியிலிருந்து எடுத்து, குள்ளமான அவளுக்குக் கை எட்டும்படி கதவருகே மாட்டினார்.