வீட்டுக்கொரு மலையாண்டி

"மலையாண்டி பொண்டாட்டி யாருடி? மரியாதையா முன்னால வா!"

இன்ஸ்பெக்டர் சிவசாமி போட்ட அதட்டலில் களத்துமேட்டுக் கோழிகள் சிதறி ஓடின. நாற்பத்திரண்டாம் வருஷம் அது. போலீஸ் கச்சேரிக் கூரையில் காங்கிரஸின் ராட்டைக் கொடியை ஏற்றிவிட்டு மாயமாகிவிட்ட மலையாண்டியைத் தேடி வந்திருந்தார். அகப்பட்டால் அவனுக்கு அடி உதையும் ஜெயிலும் நிச்சயம். ஆனால் அவன் முகம் போலீசில் ஒருவருக்கும் தெரியாது. பேர் மட்டும்தான் தெரியும்.

ஆண்களெல்லாம் சந்தைக்குப் போயிருந்தார்கள். களத்தில் நிறுத்திவைத்த பெண்களின் வரிசையில் கடைசி ஆளாக நின்றாள் செவந்தி. இந்தப் பாவிகள் எப்படியாவது ஊரைவிட்டுத் தொலைய வேண்டுமே!

"ஒன் புருஷன் பேரென்ன?" உண்ணாமலை முன்னால் பிரம்பு நீண்டது.

உண்ணாமலை தலையைக் குனிந்துகொண்டு விராலிமலைப் பக்கம் கையைக் காட்டினாள்.

"என்ன, மலைக்கு ஓடிட்டானா?"

"இல்லைங்க. கட்டுனவரு பேரை வாயால சொல்லலாமுங்களா? அந்த மலையில இருக்குற சாமி பேருதாங்க."

அடுத்தவளும் மலையைக் காட்டினாள். அதற்கடுத்தவளும் மலையைத்தான் காட்டினாள்!

"என்னடி, கூடிப் பேசிக்கிட்டு வெளையாடுறீங்களா?"

"இல்லைங்க. புள்ளை வரம் கேட்டு அந்த மலை ஏறுவோமுங்க. ஆம்பளப் புள்ளை பொறந்தா, மலையை ஆளுறவரு பேரையே வச்சிருவோம். இங்கிட்டு வீட்டுக்கு ஒருத்தரு உண்டுங்க" என்றாள் உண்ணாமலை.

இன்ஸ்பெக்டருக்கு வந்ததே கோபம்! "யோவ் ஏட்டு! வைக்கப்போரை எல்லாம் கொளுத்துய்யா. எங்க பதுங்கியிருந்தாலும் வெளிய வரட்டும்!"

செவந்தி வரிசையைவிட்டு முன்னால் வந்தாள். மலையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டாள்.

"அய்யா! நீங்க தேடுற மலையாண்டிய எனக்குத் தெரியும்!"

"அடிப்பாவி!" உண்ணாமலை வாயைப் பொத்திக்கொண்டாள்.

"கொடி ஏத்துன மலையாண்டிதானே? அந்த மலையாண்டிப் பய விடியக்காலமே குடுமியான்மலைப் பக்கம் ஓடிட்டான். இந்நேரம் ஊர் போய்ச் சேந்திருப்பான்!"

"சார், பொய் சொன்னாலும் சொல்லுவா..." என்று இழுத்தார் ஏட்டு.

"போய்யா! மத்தவளுக பேரைச் சொல்லவே பயப்படுறாளுக. இவ பேரைச் சொல்லி 'பய'ங்கிறா, 'ஓடிட்டான்'ங்கிறா. இவ எந்த மலையாண்டிக்கும் பொண்டாட்டி இல்லய்யா. அவனைக் காப்பாத்தி இவளுக்கு என்ன ஆகப்போகுது? வண்டிய எடு!"

வேன் புழுதி கிளப்பிக்கொண்டு மறைந்தது. பெண்கள் போட்ட குலவையில் களமே அதிர்ந்தது. செவந்தி படபடவென்று கன்னத்தில் போட்டுக்கொண்டே வைக்கோல்போருக்கு ஓடினாள்.

"ஏங்க, போயிட்டானுக. வெளிய வாங்க!"

வைக்கோலை உதறிக்கொண்டு எழுந்த மலையாண்டி விழுந்து விழுந்து சிரித்தான்: "கட்டுன நாள்லேருந்து ஒன் வாயில வராத எம் பேரை, இன்னைக்கு ஊரே கேக்க முழங்கிட்டியேடி, எஞ் சிங்கமே!"