மேனேஜர் இன்றும் கொத்தினார்

“இன்னைக்கும் கொத்திடுச்சா?”

வாசலில் ஷூவைக் கழற்றும்போதே கேட்டான் லிஃப்ட் மெக்கானிக். மனைவி தலையை மட்டும் ஆட்டினாள். கத்திக் கத்தி அவளுக்குத் தொண்டை கட்டியிருந்தது.

அவ்வளவுதான், அவனுக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. நின்ற இடத்திலிருந்தே கறிக்கடைக்காரருக்குப் போன் போட்டு, நாளை சாயங்காலம் வந்து சேவலை எடுத்துக்கொண்டு போகச் சொல்லிவிட்டான்.

கொல்லையில் ஒன்பது கோழிகள், ஒரு சேவல். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கோழிகளை மேற்பார்வை பார்த்ததால் அதற்கு மேனேஜர் என்று பெயர் வைத்தவனும் அவன்தான். மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு காலை, கூண்டைத் திறந்துவிட்ட மனைவியின் கணுக்காலை மேனேஜர் ரத்தம் வரக் கொத்திவிட்டார். அன்று அவளைக் காப்பாற்றியது யார் தெரியுமா? அவன் அப்பா. இடுப்பு ஆபரேஷனுக்குப் பிறகு, தினமும் நடந்தே ஆகவேண்டும் என்று டாக்டர் கெஞ்சியும் கேட்காமல் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்ட மனிதர், மருமகள் அலறிய அலறலில் கைத்தடியோடு கொல்லைக்கே வந்துவிட்டார்.

பழுதான எந்த லிஃப்டையும் விட்டுவைக்காதவன் ஒரு சேவலை விடுவானா? வீடியோ வீடியோவாகப் பார்த்துவிட்டு ரிப்பேர் வேலையைத் தொடங்கினான். உதைக்கக்கூடாது, பயந்து ஓடவும் கூடாது. ஒரு இறக்கையைத் தாழ்த்திக்கொண்டு பக்கவாட்டில் ஆடி ஆடி வந்தால் வம்புக்கு வருகிறது என்று அர்த்தம். அசையாமல் நின்று, பிறகு நிதானமாகத் தூக்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, அது தலையைத் தாழ்த்தும்வரை நடக்கவேண்டும்.

சாயங்காலப் பாடம் அவன் பொறுப்பு. காலையில் ஆறரைக்கே அவன் கிளம்பிவிடுவதால் அந்த ஷிஃப்டை அப்பா எடுத்துக்கொண்டார். மருமகள் கூப்பிட்டதும் வந்து, மேனேஜரைத் தூக்கிக்கொண்டு கொல்லையை மூன்று சுற்று வரவேண்டும். வீடியோவில் சுற்றுக் கணக்கு எதுவும் இல்லை. மூன்று என்று சொன்னது மனைவிதான்.

பத்தே நாளில் மேனேஜர் பசுவாகிவிட்டார். அவன் கையிலிருந்தே தீனி தின்றார். அவனுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. லிஃப்டில் மாட்டிக்கொண்டு வியர்க்க விறுவிறுக்க வெளியே வந்தவரிடம்கூட இந்தச் சாதனையைச் சொல்லாமல் விடவில்லை.

ஆனால் வீட்டுக்கு வந்தால் மனைவியிடம் தினமும் அதே புகார். காலையில் பாய்ந்தது, கொத்த வந்தது, மாமாதான் காப்பாற்றினார். சரி, சேவலைக் கொடுத்துவிடலாம் என்றால் அதற்கும் சம்மதிக்கமாட்டாள். இப்போதும் அவன் போனை வைத்ததுமே அவள் முகம் வாடிவிட்டது.

“வேண்டாங்க. இன்னும் ஒரு மாசம் பார்க்கலாம்.”

“கொத்துதுன்னும் சொல்ற, கொடுக்காதேன்னும் சொல்ற. உனக்கு என்னதான் வேணும்?”

பயந்தாங்கொள்ளி, போதாததற்குப் பிடிவாதக்காரி என்று அவன் பொருமினான். அவனுக்கு மட்டும் ஆசையா என்ன? குஞ்சாக இருந்தபோதிலிருந்து உள்ளங்கையில் வைத்து வளர்த்த சேவல்.

மறுநாள் காலை பாதித் தூரம் போனவன், டெஸ்டரை மறந்துவிட்டது ஞாபகம் வந்து திரும்பினான். பைக்கை நிறுத்தும்போதே கொல்லையிலிருந்து மனைவியின் குரல் கேட்டது.

“மாமா! ஓடி வாங்க மாமா! கொத்துது!”

இன்றைக்குக் கையும் களவுமாகப் பிடித்துவிட வேண்டியதுதான் என்று பின்பக்கக் கதவைத் தள்ளிக்கொண்டு பாய்ந்தான். தண்ணீர்த் தொட்டியைத் தாண்டவில்லை, அப்படியே நின்றுவிட்டான்.

மேனேஜர் ஒரு மூலையில் மண்ணைக் கிளறி, கிடைத்த புழுவைத் தான் தின்னாமல் கோழிகளைக் கூப்பிட்டுக் காட்டிக்கொண்டிருந்தார். பத்தடி தள்ளி அவன் மனைவி மட்டும் தனியாகக் குதித்துக்கொண்டிருந்தாள். பிளாஸ்டிக் வாளியைத் தரையில் டம் டம்மென்று தட்டினாள். தலைமுடியைத் தானே கலைத்துவிட்டுக்கொண்டாள். நடுநடுவே கத்துவதை நிறுத்தி, வீட்டுக்குள் கைத்தடி நடக்கும் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டாள். டக் டக் நின்றால் இன்னும் உரக்கக் கத்தினாள்.

அவனுக்குப் புரிந்துவிட்டது. நேற்று அவளைத் திட்டியதற்கு வெட்கப்பட்டு, அவள் கண்ணில் படாமல் தொட்டிக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டான்.

அப்பா வந்துவிட்டார். ஒரு மாதத்துக்கு முன்னால் புரண்டு படுக்கவே ஆள் தேடியவர், இரண்டு படியையும் தானே இறங்கினார். நான் இருக்கும்போது என்ன பயம் என்று மருமகளை அதட்டிவிட்டு, கைத்தடியைச் சுவரில் சாய்த்துவிட்டுக் குனிந்தார். மேனேஜரும் டூட்டிக்குக் கிளம்புகிறவர் மாதிரி நடந்து வந்து அவர் கக்கத்தில் அடங்கினார். மருமகள் முகத்தைத் துடைத்துக்கொண்டு முட்டை எடுக்கக் கூண்டுக்குள் நுழைந்தாள்.

முதல் சுற்றில் அப்பா தொட்டிப் பக்கம் வந்தார். மகனைப் பார்த்தார். ஆச்சரியப்பட்டதாகவே தெரியவில்லை.

“கறிக்கடைக்காரரை வரவேண்டாம்னு சொல்லிடு” என்றார் மெதுவாக.

“அப்பா, சேவல் ஒண்ணுமே பண்ணலைப்பா. அவதான்...”

“தெரியும்டா. பத்து நாளா தெரியும்.” கூண்டுப் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டு குரலை இன்னும் தாழ்த்தினார். “அந்தப் பொண்ணு எனக்காகத் தொண்டை கிழியக் கத்துது. எழுந்து வராம எப்படிடா படுத்திருக்க முடியும்? நீ பார்த்ததா காட்டிக்காதே. தள்ளு, இன்னும் ரெண்டு சுத்து பாக்கி இருக்கு.”