மூன்றாவது 'வேண்டாம்'

இந்தப் பெண் பயந்துபோய்ச் சொல்கிறாள், இவர்கள் யாருடைய காதிலும் அது விழவில்லையா? பட டீசருக்கு எழுத்துகளை அசையவைக்கும் ஸ்ரவந்தி, ஹெட்போனைக் கழற்றாமலே அந்தத் துண்டை மறுபடியும் ஓடவிடுகிறாள். கிருஷ்ணாநகர் எடிட்டிங் மாடியறையில் ஏசி முனகுகிறது. திரைச்சீலை இடுக்கில் நுழைந்த மத்தியான வெயில் ஆறிப்போன இரானி டீயின் ஆடைமேல் கிடக்கிறது. கம்ப்யூட்டரின் கறுப்புத் திரையில், கதாநாயகியின் குரலோடு, வெள்ளைத் தெலுங்கு எழுத்துகளில் 'வேண்டாம்' வந்து வந்து நிற்கிறது. முதலாவது சிணுங்கல், எழுத்துகளும் லேசாக ஆடுகின்றன. இரண்டாவதில் ஆட்டம் இல்லை. மூன்றாவதில் பாதிச் சொல்லிலேயே மூச்சு அறுந்துபோகிறது. அந்த இடத்தில் எழுத்துகளுக்கு நடுவே ஸ்ரவந்தி வெறும் கறுப்பை விட்டிருக்கிறாள்.

"அந்த ஓட்டைய அடைச்சுடும்மா," என்கிறார் டைரக்டர் பணீந்திரா, சமோசா எண்ணெயை ஜீன்ஸில் துடைத்தபடி. "மூணாவது வேண்டாம் அப்படியே உருகி இதயமா மாறணும். அது மேல ஹீரோ சிரிப்பு. டீசர் வந்ததும் விசில் பறக்கும் பாரு."

"அவ பயந்து சொல்றா சார்."

"அடேயப்பா! சம்பளம் வாங்கிட்டுத்தானேம்மா பயப்படுறா?"

எடிட்டர் வம்சி சிரிக்கிறான். பழக்கத்தில் ஸ்ரவந்தியின் உதடும் சிரிப்புக்கு விரிகிறது. விரிந்தது அவளுக்கே கசக்கிறது.

"முதல் தடவையா உன் பேரு டைட்டில்ல வரப்போகுது. கெடுத்துக்காத," என்கிறார் பணீந்திரா.

அவள் ஹெட்போனைக் கழற்றி மேஜையில் வைக்கிறாள். "பேர எடுத்துடுங்க சார். இத நான் உருக்க மாட்டேன்."