வலிக்காத இடுப்பு

"சரியான நடிப்புக்காரி டாக்டர் இவ!"

நாற்காலியில் உட்காருவதற்குள்ளேயே அம்மா ஆரம்பித்துவிட்டாள். பக்கத்தில், பன்னிரண்டு வயதுச் சின்னவள் வலது காலை நொண்டியபடி வந்து நின்றாள்.

"காலைத் தூக்கினா இடுப்புல டக்குனு சத்தம் கேக்குதாம். உயிர் போற வலியாம். எல்லாம் ஜிம்னாஸ்டிக்ஸ் கிளாசுக்கு மட்டம் போடத்தான்! வெளியில உக்காந்திருக்காளே பெரியவ, அவளும் அங்கதான் பழகறா. ஞாயித்துக்கிழமை போட்டி. ஒருநாள் ஒரு குறை சொல்லியிருப்பாளா?"

டாக்டர் சின்னவளைப் படுக்கவைத்துக் காலை மடக்கினார், நீட்டினார், திருப்பினார். சத்தம் என்னவோ லேசாகக் கேட்டது. முகத்தில்தான் வலியைக் காணோம். டாக்டர் நிமிர்ந்து பார்த்த பிறகுதான் "ஆ!" என்றாள்.

டாக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"தசைநார் எலும்பு மேல ஏறி இறங்கற சத்தம்மா இது. வளர்ற வயசுல எலும்பு சரசரன்னு நீளும். தசை ஈடு குடுக்க முடியாம இறுகிக்கும். அதோட காலைத் திரும்பத் திரும்பத் தூக்கினா இப்படித்தான் சொடக்குப் போடும். வலி இல்லேன்னா பயமே இல்லை."

"வலிச்சா?" சின்னவள் வெடுக்கென்று எழுந்து உட்கார்ந்தாள்.

"வலிச்சா ஓய்வுதான். பல்லைக் கடிச்சுக்கிட்டு ஆடினா உள்ளே வீங்கி, ரொம்ப நாள் படுத்திடும். போட்டியைப் பத்தி நினைக்கவே கூடாது."

"அம்மா, நல்லாக் கேட்டுக்கோ!"

"பாத்தீங்களா இவ சாமர்த்தியத்தை!" அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

சின்னவள் கட்டிலைவிட்டு இறங்கி நடந்தாள். இப்போது இடது கால் நொண்டியது.

"மாட்டிக்கிட்டியா!" என்றார் டாக்டர். "வரும்போது வலது கால், போகும்போது இடது காலா? உனக்கு வலியும் இல்லை, ஒண்ணும் இல்லை. எதுக்கும்மா அம்மாவை இப்படி அலைய விடறே?"

சின்னவளின் கண் நிறைந்துவிட்டது. பார்க்கவே பாவமாக இருந்தது. மூடியிருந்த கதவை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்:

"போட்டி முடியற வரைக்கும் யார்கிட்டயும் மூச்சு விடக் கூடாதுன்னு அக்கா என்கிட்ட சத்தியம் வாங்கியிருக்கா டாக்டர். நான் எதுவும் சொல்லலை... வீட்டுல எங்க ரூமுக்குள்ள அவ எப்படி நடக்கறான்னு நடந்து காட்டினேன், அவ்வளவுதான்."