ஆடிப் பந்தி

மண்டப வாசலில் சந்தனக் கிண்ணம் இல்லை. பன்னீர்ச் செம்பும் இல்லை.

அப்போதே திரும்பியிருக்க வேண்டும் அவன்.

ஆனால் சாம்பார் வாசனை வாசலைத் தாண்டித் தெருவுக்கே வந்து ஆளை இழுத்தது. நேற்று மத்தியானம் தின்ற இரண்டு பன்னுக்குப் பிறகு வயிற்றில் வெறும் தண்ணீர்தான். கால் தானாக உள்ளே போயிற்று.

ஆனி மாதம் முழுக்கக் கோயம்புத்தூரின் இந்த மண்டபங்கள்தான் அவனுக்குச் சோறு போட்டன. கல்லூரி முடிந்து, வேலையும் கிடைத்து, சம்பளம் மட்டும் கைக்கு வராத காலம். பத்தாம் தேதிக்குப் பிறகு சேர்ந்தவர்களுக்கு இரண்டு மாதமும் சேர்த்து அடுத்த மாதக் கடைசியில்தான் என்று சொல்லிவிட்டார்கள். ஊரிலிருந்து கொண்டுவந்த காசு அறைக்கு அட்வான்ஸ் கொடுத்ததோடு சரி. அதனால் முகூர்த்த நாள் வந்தால் மத்தியான இடைவேளையில் இஸ்திரி போட்ட சட்டையோடு கிளம்பிவிடுவான். இரண்டாம் பந்தி, நடுவரிசை. பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டுப் பையன் என்று நினைப்பார்கள், மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டுப் பையன் என்று. யார் கேட்கப் போகிறார்கள்!

ஆடியில் கல்யாணம் ஏது? பால் குடிக்கிற பிள்ளைக்குக்கூடத் தெரியும்.

பசி வந்தால் பத்தும் பறந்துபோகுமாம். அவனுக்குப் பஞ்சாங்கமும் பறந்துவிட்டது.

உள்ளே மேளம் இல்லை. ஒரு பெண் தலையிலும் பூ இல்லை.

சின்ன மண்டபம். மேடைக்குக் கீழேயே பந்தி. மேடையில் ஒரு நாற்காலி, நாற்காலியில் ஒரு படம், படத்துக்கு மாலை.

படத்தில் இருந்தவனுக்கும் இவன் வயதுதான். அடையாள அட்டைக்கு எடுத்த போட்டோவைப் பெரிதாக்கியிருந்தார்கள்.

பதினாறாம் நாள் காரியம்.

அவனுக்கு உடம்பெல்லாம் கூசிற்று. திரும்பினான்.

"ஆபீஸ்ல இருந்து வந்தீங்களா கண்ணு?"

படத்தின் பக்கத்திலிருந்து ஓர் அம்மாள் எழுந்து வந்தாள். இறந்தவனைப் பெற்றவள் என்று யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவள் பார்வை அவன் கழுத்தில் இருந்தது. கழற்ற மறந்த அடையாள அட்டை, அதன் நீலப் பட்டை. எல்லாக் கம்பெனிக்கும் நீலப் பட்டைதான்.

இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தான். தலை ஆமாம் என்று ஆடிற்று.

"ஆபீஸ்ல இருந்து ஒருத்தருமே வரலையேன்னு இருந்தேன் சாமி. வாங்க, சாப்புடுங்க."

கையைப் பிடித்துக் கூட்டிப்போய் உட்காரவைத்தாள். நீ உக்காருக்கா, நாங்க பார்த்துக்கறோம் என்று வந்தவர்களை விலக்கிவிட்டுத் தானே இலை போட்டுத் தானே பரிமாறினாள்.

பாவி வயிறு. துக்கச் சோறு என்று அதற்குத் தெரியவில்லை. சாம்பாருக்கு ஒருமுறை, ரசத்துக்கு ஒருமுறை, மோருக்கு ஒருமுறை. வெட்கத்தை விட்டு அள்ளிற்று கை.

அவள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"பஸ்ஸுக்கு நின்னுட்டு இருந்தவன், மயங்கி ரோட்டுல விழுந்துட்டானுங்க. லாரிக்காரன் என்ன பண்ணுவான் பாவம்."

அவன் இலையிலிருந்து தலையை எடுக்கவில்லை.

"வயித்துல ஒண்ணுமே இல்லைன்னாரு டாக்டரு."

தண்ணீர் டம்ளரை அவன் பக்கம் நகர்த்தி வைத்தாள். பிறகு சொன்னாள்.

"மத்தியானத்துக்குன்னு தெனம் அம்பது ரூவா எடுத்து வெப்பேன். வேண்டாம்மா, ஆபீஸ்லயே சும்மா சோறு போடறாங்க, நீ வெச்சுக்கோன்னுட்டுப் போயிருவான்."

இலையை வழித்துக்கொண்டிருந்த கை நின்றது.

அது இவனுடைய பேச்சு. ஆபீஸ்லயே சும்மா சோறு போடறாங்கம்மா, நீ காசு அனுப்பாதே. போன ஞாயிற்றுக்கிழமை போனில் தன் அம்மாவிடம் அவன் சொன்னது. முகம் தெரியாத ஒருவன், அதுவும் செத்துப்போனவன், அதையே சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். முதுகுக்குப் பின்னால் அந்தப் படம் இருந்தது. திரும்பிப் பார்க்க அவனுக்குப் பயமாக இருந்தது.

அவள் குரல் தாழ்ந்தது.

"நெசமாவே போடறாங்களா கண்ணு? நீங்க சொன்னா நம்பிக்குவேன்."

பதினாறு நாளாக இந்த ஒன்றைக் கேட்கத்தான் அவள் ஆள் தேடியிருக்கிறாள். பெற்ற பிள்ளை பட்டினி கிடந்தானா, இல்லையா. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் இன்றைக்காவது கண்ணை மூடுவாள்.

"போடறாங்கம்மா. தினமும். வயிறு நிறைய."

சொல்லிவிட்டான். பொய்யானாலும் புண்ணியம் என்று நினைத்துக்கொண்டான்.

அப்பாடா என்று அவள் மூச்சு விட்டாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அந்த முகம் ஒரு நொடி தெளிந்துகூட விட்டது.

இன்னும் கொஞ்சம் போடட்டுமா என்று கேட்கத்தான் அவன் இலைப் பக்கம் திரும்பினாள்.

மூன்று முறை போட்ட சோறு. ஒரு பருக்கை மிச்சமில்லை. எல்லாரும் ஒதுக்கி வைக்கிற கறிவேப்பிலைகூட இல்லை.

அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"ராத்திரி வீட்டுக்கு வந்து," என்றாள், "அவனும் இப்படித்தானுங்க சாப்புடுவான்."

அவன் இலையை மடிக்கப் போனான்.

அவள் அந்தக் கையைத் தள்ளிவிட்டுச் சோற்றை வைத்தாள்.