ஏறாத பழம்

எலுமிச்சம்பழத்தின் தலையைச் சீவி, கரண்டிக் காம்பால் துளை போட்டாள். உள்ளே மஞ்சள்தூள் ஒரு சிட்டிகை, உப்பு ஒரு சிட்டிகை.

அவள் புருஷன் வலது கட்டைவிரலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார், ஊசிக்குப் பயந்த பிள்ளை மாதிரி.

நகச்சுத்தி என்று முதலில் சொன்னது அவள்தான். ஆட்டோ ஓட்டுகிற கை, அழுக்கு ஏறாமல் என்ன செய்யும்? பழம் வைத்தால் பழுத்து உடைந்துவிடும். தெருவே அதைத்தான் சொன்னது.

பழுக்கவும் இல்லை, உடையவும் இல்லை.

ஹாரனை அமுக்க முடியாமல் போன பிறகுதான் மனிதர் ஆஸ்பத்திரிக்கே சம்மதித்தார். இன்று காலை, விரலைப் படம் எடுத்த கையோடு நெஞ்சையும் எடுக்கச் சொன்னார்கள்.

"வலி இங்க இருக்கு, படம் அங்க எடுக்காவ. நல்ல டாக்டரம்மாதான் போ!"

அவளும் சேர்ந்து சிரித்தாள். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது தன்னையே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

படங்களைப் பார்த்துவிட்டு, அவரை டீ குடித்துவிட்டு வரச் சொன்னார் டாக்டரம்மா. அவளை உட்காரச் சொன்னார்.

விரல் நுனியில் எலும்பே பாதி இல்லை. நுரையீரலில் கிளம்பிய புற்று அங்கே வந்து தின்றிருக்கிறது. கைக்கு வருவது ரொம்ப அபூர்வம் என்றார். வந்துவிட்டால் முற்றிவிட்டது என்று அர்த்தமாம். இனி வலி தெரியாமல் பார்த்துக்கொள்ளலாம் என்றார்.

வெளியே வந்து அவரிடம், "சீழ்தானாம்" என்றாள்.

அவர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு முன்னே நடந்தார்.

பழம் விரலில் ஏறவில்லை.

துளையைப் பெரிதாக்கினாள். பழத்தின் தோல் கிழிந்தது. அவர் பல்லைக் கடித்துக்கொண்டார்.

கூடையில் இருந்ததிலேயே பெரிய பழத்தை எடுத்து, வெட்டாமலே விரலோடு வைத்துப் பார்த்தாள். அதுவும் பற்றாது.

ஒரு பழத்தைக்கூட மாட்டிவிட முடியவில்லையே என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

"நாளைக்குச் சந்தையில பெரிய பழமாப் பாத்து வாங்கிட்டு வாரேன்."

அவர் அந்தப் பழத்தை அவள் கையிலிருந்து மெல்ல வாங்கினார். இடது உள்ளங்கையில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அவளிடமே நீட்டினார்.

"விடு, செண்பகம். ஜூஸ் போடு. ஆளுக்குப் பாதி குடிப்போம்."

சர்க்கரை டப்பா கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. அவருக்கு முதுகைக் காட்டியபடி, வெகுநேரம் அதைத் தேடிக்கொண்டிருந்தாள்.